"பெருவிரல் மட்டும் போகுது": ஒரு நாரி நோவும் ரேடியோ அலைச் சூட்டுச் சிகிச்சையும்

அவருக்கு 62 வயது. வலிகாமத்துச் செம்மண்ணில் ஆறு பரப்புத் தோட்டம். வெங்காயம்தான் முதல். இடைக்கிடை பீற்றூட், வரம்போரம் மரவள்ளி. முதல் நாள் என்னிடம் வரும்போது ஒரு சொப்பிங் பை நிறைய எக்ஸ்ரே, இரண்டு எம்.ஆர்.ஐ படங்கள், மூலை மடிந்த கிளினிக் கொப்பி எல்லாம் கொண்டுவந்தார். பையை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். "இருங்கோ ஐயா" என்றேன். "இருந்தாச் சுகம் பிள்ளை, எழும்பத்தான் ஏலாது" என்றார். நோய்க் குறிப்பின் பாதி அந்த ஒரு வரியிலேயே இருந்தது. அது எனக்கு விளங்கச் சில கிழமை சென்றது.

நான் இயன் மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ற். பதினேழு வருடமாக யாழ்ப்பாணத்தில் இந்த வேலை. இங்கே எழுதப்போவது ரேடியோ அலைச் சூட்டுச் சிகிச்சை பற்றி: ரேடியோ அலை வீச்சில் ஓடும் மின்னோட்டத்தால் ஒரு சிறு நரம்பைச் சுட்டு, அது கொண்டுபோகும் வலிச் செய்தியை நிறுத்தும் முறை. அதைச் செய்தது நானல்ல, கொழும்பில் ஒரு வலிச் சிகிச்சை நிபுணர். ஆனால் அதற்கு முந்திய எட்டு மாதமும் பிந்திய பதினொரு மாதமும் இந்த ஐயாவோடு இருந்தேன். சிகிச்சை நடந்த அறையில் அவருக்கும் நிபுணருக்கும் இடையில் நின்று மொழிபெயர்த்தேன். அவருடைய சம்மதத்தோடு, ஊரும் குடும்ப விபரமும் சிலவற்றை மாற்றி, இதை எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சையைப் பற்றி வாசிக்கிறவர்களுக்கு அது முழுக்க மெசினின் வேலை என்று படும். ஊசி, கம்பி, திரை, வெப்பநிலை எண். நான் கிட்ட நின்று கண்டது வேறு. தொடக்கத்திலிருந்து கடைசி வரை அது நோயாளியின் வாயில் வரும் சொல்லில்தான் தங்கி நிற்கிறது.

விறைப்பு என்ற சொல் செய்த வேலை

நாரியில், அதாவது கீழ் முதுகில், நோ தொடங்கி ஆறு வருடம். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காத மாதங்களில்தான் அது படுக்கையில் தள்ளியது. தண்ணீர் இறைக்கும் மெசின் ஓடவில்லை. பயிர் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் வாளியால் அள்ளி ஊற்றியிருக்கிறார். இடப்பெயர்வுக்கு முந்திய காலத்திலும் எண்ணெய் இல்லாமல் இருந்தது, அப்போது வயது இருந்தது, என்றார் அவருடைய மனைவி.

அதுவரை செய்த வைத்தியம் எல்லாம் எங்கள் ஊரில் எவரும் செய்வதுதான். பனடோல். நொச்சி இலை அவித்து வேது. முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் எண்ணெயும் புக்கையும். இடுப்புப் பட்டி. பிறகு பாமசியில் டொக்டரின் துண்டு இல்லாமலே வாங்கிய டைக்ளோபெனாக் என்ற நோக் குளிசை, இரண்டு வருடம் கிட்டத்தட்ட நாளாந்தம். அதனால் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகப் பரிசோதனையில் கிரியற்றினினும் ஏறத் தொடங்க, அந்தக் குளிசையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அதோடு கைவசம் இருந்த ஒரே வழியும் மூடியது.

கிளினிக் கொப்பியைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் கால் மரத்துப்போவதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதிலிருந்து கதை வேறு பாதையில் போயிருந்தது: முதுகிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு நெரிபடுகிறது என்று எடுத்துக்கொண்டு, நரம்பு வலிக்கான பிரேகபலின் கொடுத்திருந்தார்கள். அவருக்கு அது தலைசுற்றைத்தான் கொடுத்தது. ஒருநாள் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாராம்.

"கால் மரத்துப்போறதோ ஐயா? கிள்ளினால் தெரியாமல் இருக்குமோ?"

"இல்லையே. கிள்ளினால் நோகும்தானே."

"அப்ப இதில எழுதியிருக்கு?"

"நான் விறைக்குதெண்டு சொன்னனான். காலமை எழும்பேக்க நாரியும் துடையும் விறைச்சுப்போய் இருக்கும். நாலு எட்டு நடந்தால் விட்டிடும்."

எங்கள் பேச்சில் விறைப்பு என்றால் மரத்துப்போவதும் ஆகும், பலகை மாதிரி இறுகிப்போவதும் ஆகும். குளிரில் விறைப்பது ஒன்று, நாரி விறைப்பது இன்னொன்று. அவர் சொன்னது இறுக்கம், கொப்பியில் ஏறியது மரமரப்பு. எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். நெருக்கடியான கிளினிக்கில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று போட்டுக்கொண்டு போகத்தான் வரும். ஆனால் அந்த ஒரு சொல் ஒரு மனிதனை ஒன்றரை வருடம் பிழையான பாதையில் நடத்தியது.

அதற்குப் பிறகுதான் அவர் நோவை அவருடைய சொற்களிலேயே எழுதத் தொடங்கினேன். நாரியின் வலப்பக்கம், இடுப்பெலும்பின் விளிம்புக்கு மேலே நாலு விரல் அகலத்தில் உளைவு. சிலவேளை குண்டிக்கும் பின்துடைக்கும் இறங்கும், முழங்காலைத் தாண்டாது. எரிவு இல்லை, மின்னல் வெட்டு இல்லை. இருமினாலும் தும்மினாலும் நோ கூடுவதில்லை. குனிந்திருக்கும்போது பொறுக்கலாம், குனிந்து நிமிரும்போதுதான் உயிர் போகும். நெடுநேரம் நின்றால் கூடும். நோவின் அளவு 10க்கு 7.

ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்கே போய்ப் பார்த்தேன். மண்வெட்டியால் மண்ணை அள்ளி வாய்க்காலை அடைத்து, அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிக்காட்டினார். பாரத்தோடு நிமிர்கிறார், நிமிர்ந்தபடியே வலப்பக்கம் திரும்புகிறார். அந்த இடத்தில் முகம் சுருங்கியது. நாற்பது வருடமாக ஒரு நாளைக்கு எத்தனை பாத்தி, ஒரு பாத்திக்கு எத்தனை திருப்பு என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பரிசோதனையில் கால் தசைகளின் பலம் சரி, தெறிவினைகள் சரி, படுத்தபடி காலை நேராகத் தூக்கினால் நோ இல்லை. பின்னால் சரிந்து வலப்பக்கம் திரும்பச் சொன்னால் அந்த நாலு விரல் இடத்தில் பிடித்தது. முள்ளந்தண்டின் பின்பக்கத்தில் உள்ள சிறு மூட்டுகளை, பசெட் மூட்டுகள் என்பவற்றை, நான் சந்தேகித்தேன்.

எம்.ஆர்.ஐயில் அந்த மூட்டுகள் தேய்ந்திருந்தன. முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல் இருக்கும் டிஸ்குகளில் இரண்டு சற்றுப் பிதுங்கியும் இருந்தன. கனடாவில் இருக்கும் மகன் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு வட்ஸ்அப்பில் "டிஸ்க் ஒபரேஷன் செய்தால் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு நான் சொன்னது இதுதான்: முதுகில் ஒரு நோவும் இல்லாதவர்களைப் படம் பிடித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில், 20 வயதினரில் நூற்றுக்கு 30 பேருக்கும் 80 வயதினரில் நூற்றுக்கு 84 பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் நோவின் காரணம் அல்ல. பசெட் மூட்டுக்கும் அதே கதைதான். கையால் செய்யும் பரிசோதனையோ ஸ்கானோ எதுவும் தனியாக நின்று "நோ இங்கிருந்துதான்" என்று சத்தியம் செய்யாது.

மூன்று மாதம் உடற்பயிற்சி கொடுத்தேன். ஒழுங்காகச் செய்தார். 7 என்பது 6 ஆனது, அதற்கு மேல் அசையவில்லை. அப்போதுதான் கொழும்பு நிபுணருக்கு எழுதினேன்.

எந்த நரம்பு, என்ன சூடு

"நரம்பைச் சுடுறதெண்டால் மாட்டுக்குக் குறிசுடுற மாதிரியோ பிள்ளை? பிறகு கால் ஏலாமப் போனால்?" இது மனைவியின் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்காமல் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முள்ளந்தண்டிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு நரம்பும் உடனே இரண்டாகப் பிரிகிறது. முன்னால் போகும் தடித்த கிளைதான் காலுக்குப் பலமும் உணர்வும் கொடுப்பது. பின்னால் வரும் மெல்லிய கிளையிலிருந்து இன்னும் மெல்லிய ஒரு உட்கிளை பிரிந்து, எலும்பு மேட்டைச் சுற்றிப் பசெட் மூட்டுக்கும் அதை ஒட்டிய ஆழ்தசைக்கும் போகிறது. சுடுவது அந்த உட்கிளையை மட்டும். அதைச் சுட்டால் கால் ஏலாமல் போகாது. ஆனால் ஊசி முன்பக்கமாக வழுவிப் பெரிய கிளைக்குக் கிட்டப் போனால் கதை வேறு. அதைத் தடுக்கத்தான் பின்னால் சொல்லப்போகும் சோதனைகள் எல்லாம்.

இன்னொரு சிக்கல். ஒவ்வொரு பசெட் மூட்டுக்கும் இரண்டு நரம்புகள் வருகின்றன, மேலேயிருந்து ஒன்று, அதே மட்டத்திலிருந்து ஒன்று. நடுவில் உள்ள ஒன்று இரண்டு மூட்டுக்கும் பொது என்பதால், நாரியின் கடைசி இரண்டு மூட்டுகளையும் ஒரு பக்கத்தில் அமைதியாக்க மூன்று நரம்புகளைச் சுட வேண்டும். ஐயாவுக்கு வலப்பக்கம் மூன்று.

சூடு எப்படி வருகிறது என்பதும் சொல்ல வேண்டும். ஊசி முழுதும் காப்புப் பூச்சு, நுனியில் 5 முதல் 10 மில்லிமீற்றர் மட்டும் வெறும் உலோகம். காலில் ஒட்டிய ஒரு தகட்டுக்கும் அந்த நுனிக்கும் இடையில் செக்கனுக்குச் சுமார் 5 இலட்சம் தடவை திசை மாறும் மின்னோட்டம் ஓடும். நுனியைச் சுற்றியுள்ள தசையில் இருக்கும் அயன்கள் (மின்னேற்றம் உள்ள நுண்துணிக்கைகள்) அந்த வேகத்துக்கு இங்குமங்கும் உராய்ந்து சூடாகின்றன. ஊசி பழுக்கக் காய்ச்சப்படுவதில்லை, சுற்றியுள்ள சதைதான் சூடாகிறது. நுனியில் இருக்கும் வெப்பமானி 80 பாகை செல்சியஸில் நிறுத்தி வைக்கும், 60 முதல் 90 செக்கன். 45 பாகைக்கு மேல் போனாலே நரம்பு இழை கருகத் தொடங்கும். கருகும் பகுதி ஈச்சங்கொட்டை வடிவில் ஊசியின் பக்கவாட்டில்தான் பரவும், நுனிக்கு முன்னால் மிகக் கொஞ்சம். ஆகவே நரம்பைக் குத்தி நிறுத்தக் கூடாது, ஊசியை நரம்போடு படுக்க வைக்க வேண்டும்.

இது ஒரே நாளில் தெரிந்துகொண்ட விஷயம் அல்ல. அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் ஷீலி 1970களின் நடுப்பகுதியில் பசெட் மூட்டு நரம்பை ரேடியோ அலையால் சுடத் தொடங்கினார். 1979இல் அவுஸ்திரேலிய உடற்கூற்றியலாளர் நிக்கோலாய் பொக்டக் உடல்களை அறுத்துப் பார்த்து, அதுவரை ஊசி வைத்த இடத்தில் அந்த நரம்பே இல்லை என்று காட்டினார். சரியான ஆளுக்குச் சரியான இடத்தில் செய்ய வேண்டும் என்பது இந்தச் சிகிச்சையின் வரலாறு முழுதும் ஓடும் ஒரே பிரச்சினை. இடத்தை எக்ஸ்ரே திரை காட்டும். ஆளைத் தெரிவுசெய்வது எப்படி?

"பரவாயில்லை"

ஆளைத் தெரிவுசெய்வது சோதனை ஊசியால். சுடப்போகும் நரம்புகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அரை மில்லிலீற்றர் விறைப்பு மருந்து போடுவார்கள். (பார்த்தீர்களா, இங்கே விறைப்பு என்பது மரத்துப்போவது.) அந்த நரம்புதான் நோவைச் சுமந்தது என்றால் சில மணித்தியாலம் நோ போக வேண்டும். போகாவிட்டால் சுட்டும் பயனில்லை.

முதல் சோதனை 2023 தையில். இரவு பஸ்ஸில் ஏறி, விடியக் கொழும்பில் இறங்கி, காலையில் ஊசி. அன்று நான் போகவில்லை. ஊசி முடிந்து வெள்ளவத்தையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், ஃபானைப் போட்டுவிட்டு, பஸ் களைப்பில் படுத்து நித்திரையாகிவிட்டார். பின்னேரம் நிபுணரின் தாதி தொலைபேசியில் எடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்க, "பரவாயில்லை" என்றிருக்கிறார். தாதி கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். நல்லம் என்று எழுதிவிட்டார்.

பரவாயில்லை என்பதை எந்த எண்ணில் எழுதுவது? எங்கள் ஆட்கள் சாவீட்டிலும் பரவாயில்லை என்பார்கள், கலியாண வீட்டிலும் பரவாயில்லை என்பார்கள். கேட்டவருடைய மனம் நோகக் கூடாது, இவ்வளவு மினைக்கெட்டு ஊசி போட்ட டொக்டருக்கு வெறுங்கையோடு பதில் சொல்லக் கூடாது என்ற மரியாதை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அது அழகான பண்பு. சோதனை ஊசிக்கு அது நஞ்சு.

ஊர் திரும்பியதும் துருவிக் கேட்டேன். "நோ குறைஞ்சதோ ஐயா?" "படுத்திருக்கேக்க எனக்கு எப்பவும் நோ இல்லைத்தானே பிள்ளை." குனியவில்லை, நிமிரவில்லை, திரும்பவில்லை. சோதிக்க வேண்டிய நேரத்தில் சோதனையே நடக்கவில்லை. நிபுணரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது ஒரு கணமும் தயங்காமல், அந்த முடிவைக் கணக்கில் எடுக்கக் கூடாது, திரும்பச் செய்வோம் என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த நேரத்தில்தான். நல்லம் என்று எழுதியிருப்பதை வைத்தே சுட்டிருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

குடும்பத்துக்கு இது பாரம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர். நாரி நோக்காரன் பஸ் சீற்றில் இரவு முழுக்க இருந்து போக வேண்டும். பயணச் செலவு, கூட ஒருவர் தோட்ட வேலையை விட்டு வர வேண்டிய செலவு, கனடா மகன் அனுப்பும் காசு. ஒரு சோதனையோடு விட்டுவிட்டால் என்ன என்று மகன் கேட்டது நியாயமான கேள்வி. பதிலும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே ஒரு சோதனை ஊசி போட்டுப் பார்த்தால், பல ஆய்வுகளில் நூற்றுக்கு 25 முதல் 40 பேர் வரை பொய்யாகச் சுகம் என்று வருகிறார்கள். அந்தப் பொய்யர்களையும் சேர்த்துச் சுட்டால் என்ன நடக்கும்? 2017இல் நெதர்லாந்தில் மொத்தம் 681 பேரை வைத்து நடந்த மூன்று ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றாக வெளியாகின. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களையும், உடற்பயிற்சியோடு ரேடியோ அலைச் சிகிச்சையும் பெற்றவர்களையும் ஒப்பிட்டபோது, சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை. அங்கே ஆளைத் தெரிவுசெய்தது ஒரே சோதனையில், நோ பாதியாகக் குறைந்தால் போதும் என்ற அளவில். மறுபக்கம், 2000ஆம் ஆண்டில் டிரைபஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, இரண்டு சோதனை ஊசிகளிலும் 80 சதவீதத்துக்கு மேல் நோ குறைந்த 15 பேரை மட்டும் எடுத்து, ஊசியை நரம்போடு படுக்க வைத்துச் சுட்டது. ஒரு வருடம் கழித்து அவர்களில் 60 சதவீதத்தினருக்கு நோ பத்தில் ஒன்பது பங்கு குறைந்திருந்தது, 87 சதவீதத்தினருக்குக் குறைந்தது 60 சதவீதம். 15 பேர் என்பது மிகச் சிறிய எண், ஒப்பிட ஒரு குழுவும் இல்லை. இரண்டாவது ஆய்வை வைத்து முதலாவதைத் தூக்கி எறிய முடியாது. ஆனாலும், நிபுணரும் நானும் எடுத்துக்கொண்டது இதுதான்: ஆளைக் கண்டிப்பாகத் தெரிவுசெய்யாவிட்டால் இந்தச் சிகிச்சையைச் செய்யவே கூடாது.

பங்குனியில் திரும்பப் போனோம். இந்தத் தடவை நானும். ஒரே பயணத்தில் செவ்வாய் ஒரு ஊசி, வெள்ளி ஒரு ஊசி. ஒன்று குறைந்த நேரம் வேலைசெய்யும் லிக்னோகெயின், மற்றது நீண்ட நேரம் நிற்கும் பியூபிவகெயின். எது எந்த நாள் என்று அவருக்கோ எனக்கோ சொல்லப்படவில்லை. வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் ஒரு வாளியில் பாதிக்குத் தண்ணீர் வைத்தேன். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அதைக் குனிந்து தூக்கி, நிமிர்ந்து, வலப்பக்கம் திரும்பி வைக்க வேண்டும். பிறகு எண் சொல்ல வேண்டும். "பரவாயில்லை எண்டு சொல்லக்கூடாது ஐயா. நோ குறையாட்டி டொக்டருக்கு மனவருத்தம் வராது. பொய்யா நல்லம் எண்டு சொன்னால்தான் வரும்." கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப உள்ளதைச் சொல்லுவம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை: ஊசிக்கு முன் 7. அரை மணித்தியாலத்தில் 1. வாளியைத் தூக்கி வைத்துவிட்டு, இன்னொருக்கால் தூக்கிப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்தில் 1. ஒன்றரையில் 2. இரண்டாவது மணித்தியாலம் முடிகையில் முகம் மாறியது. "மருந்து முடிஞ்சுது பிள்ளை. வந்திட்டுது." 6. வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றுக்கு ஊசி. பின்னேரம் ஐந்து மணி வரை 1க்கும் 2க்கும் இடையில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஏறியது. பிறகு நிபுணர் உறையைத் திறந்து காட்டினார்: செவ்வாய் லிக்னோகெயின், வெள்ளி பியூபிவகெயின். மருந்தின் கணக்கும் மனிதரின் கணக்கும் பொருந்தியிருந்தன.

மூன்றாவது ஊசி

சூட்டு நாள் 2023 வைகாசியில். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் இந்த மின்னோட்டம் அதைக் குழப்பக்கூடும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு வேறு ஆயத்தம் வேண்டும். இரண்டும் அவருக்கு இல்லை. குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. நான் ஈயக் கவசம் போட்டுக்கொண்டு அவருடைய தலைமாட்டில் நின்றேன். முழு மயக்கம் கொடுப்பதில்லை, ஏனென்றால் அவர் பேச வேண்டும்.

ஊசி எலும்பைத் தொட்டதும் முதலில் 50 ஹேர்ட்ஸில் மெல்லிய மின்தூண்டல். நரம்புக்குக் கிட்ட இருந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே அவருக்குத் தெரிய வேண்டும். நிபுணர் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்பார், நான் அவரிடம் கேட்பேன். முதல் ஊசி: "உளையுது. அதே இடம்." இரண்டாவது ஊசி: "ஓம், உளைவு. கொஞ்சம் கீழ." அடுத்து 2 ஹேர்ட்ஸில் தசையைச் சோதிக்கும் தூண்டல். முள்ளந்தண்டை ஒட்டிய தசை தோலுக்குக் கீழே தவளைத் தொண்டை மாதிரித் துடிப்பதைக் கண்ணால் கண்டேன். கால் அசையவில்லை. சரி.

மூன்றாவது ஊசி திருவெலும்பின் தோள் போன்ற மேட்டில். தூண்டலைக் கூட்டினார்கள்.

"போகுது பிள்ளை."

"எங்க ஐயா?"

"காலுக்கு. பெருவிரல் மட்டும்."

அந்த ஒரு கணம் நான் நின்றுவிட்டேன். வேறு ஊர்த் தமிழர் ஒருவர் கேட்டால், பெருவிரலில் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்வார், எங்கோ ஒரு சின்னக் கூச்சம் என்று விட்டுவிடக்கூடும். எங்கள் ஊரில் பெருவிரல் மட்டும் என்றால் பெருவிரல் வரைக்கும். நாரியிலிருந்து கால் நீளத்துக்கு இறங்கிப் பெருவிரலில் போய் முடிகிறது. அது பசெட் மூட்டின் உளைவு இல்லை, காலுக்குப் போகும் பெரிய நரம்பின் பாதை.

"உளைவோ, மின்னல் மாதிரியோ?"

"மின்னல். சுள்ளெண்டு."

நிபுணரிடம் சொன்னேன். அவர் உடனே தூண்டலை நிறுத்தி, ஊசியைப் பின்வாங்கி, எக்ஸ்ரேயைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். நுனி சில மில்லிமீற்றர் முன்னால் போயிருந்தது. திரும்ப வைத்தார். 2 ஹேர்ட்ஸ் தசைச் சோதனையிலும், பக்கவாட்டுப் படத்திலும் அது எப்படியும் பிடிபட்டிருக்கும் என்று பிறகு எனக்கு விளக்கினார், ஒன்றை ஒன்று காக்கத்தான் இத்தனை சோதனையும் என்றார். எனக்கு அது விளங்கும். ஆனால் முதலில் பிடித்தது ஐயாவின் சொல்.

புது இடத்தில் கேட்டோம். "இப்ப உளைவு. குண்டிக்கு மேல. காலில ஒண்டுமில்லை."

பிறகு நடந்தது சுருக்கம். ஊசிக்குள்ளாலே விறைப்பு மருந்து, இரண்டு நிமிடம் காத்திருப்பு, 80 பாகை, 90 செக்கன், மூன்று இடத்திலும். திரையில் எண் ஏறி நின்றதைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். "முடிஞ்சுதோ?" என்று இரண்டுதரம் கேட்டார்.

சுட்ட பிறகு

மூன்றாம் நாள் இரவு மனைவி அழைத்தார். நோ கூடிவிட்டது, நாரித் தோல் வெயிலில் வெந்த மாதிரி எரிகிறது, சட்டை படவும் ஏலாது. இது முன்னரே சொல்லி வைத்த விஷயம்தான், இருந்தாலும் இரவில் நோ வந்தால் சொன்னது ஒன்றும் ஞாபகம் இருக்காது. சுட்ட இடம் ஆறும்போது முதல் ஒன்று இரண்டு கிழமை நோ கூடுவது வழமை, தோலுக்குப் போகும் இழைகள் எரிச்சலடைவதும் சிலருக்கு உண்டு. காய்ச்சல் இல்லை, கால் பலம் சரி, சலம் போவதில் பிரச்சினை இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பனடோலும் துணியில் சுற்றிய ஐஸும் போதும் என்றேன். பத்து நாளில் எரிவு அடங்கியது.

மூன்றாவது கிழமையில் 3. ஆறாவது கிழமையில் 2. டைக்ளோபெனாக் இல்லை, பிரேகபலின் இல்லை. ஆவணியில் நல்லூர்த் தேரன்று காலையிலிருந்து வீதியில் நின்றதாகச் சொன்னார். வீதியில் உருண்டு பிரதட்டை செய்யட்டோ என்று கேட்டார். இந்த வருடம் வேண்டாம் ஐயா என்றேன்.

நோ போனதும் ஆட்கள் இயன் மருத்துவரிடம் வருவதை விட்டுவிடுவார்கள். இவரை நான் விடவில்லை, காரணம் இருக்கிறது. சுட்ட நரம்பு மூட்டுக்கு மட்டும் போவதல்ல. முள்ளந்தண்டைப் பிடித்து நிறுத்தும் மல்டிபிடஸ் என்ற ஆழ்தசைக்கும் அதே நரம்புதான். அந்தத் தசையின் ஒரு பகுதி இப்போது கட்டளை இல்லாமல் கிடக்கும். சுற்றியுள்ள தசைகளை அந்த இடைவெளியில் பலப்படுத்தாவிட்டால், நரம்பு வளர்ந்து நோ திரும்பும் நாளில் நாரி முன்னையைவிடப் பலவீனமாக இருக்கும். நரம்பு வளரும் என்பது நிச்சயம். அனேகருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், சிலருக்கு அதற்கும் மேல். 1996இல் வெளியான ஒரு ஆய்வில், கழுத்து அடிபட்டு நீண்டகால நோவுடன் இருந்த 24 பேரில் உண்மையாகச் சுடப்பட்டவர்களுக்கு நோ பாதியளவுக்குத் திரும்ப எடுத்த நடுத்தரக் காலம் 263 நாள், சுடாமல் சுட்டதுபோல் செய்யப்பட்டவர்களுக்கு 8 நாள். கழுத்துக்கும் நாரிக்கும் வேறுபாடு உண்டு, ஆனால் நிரந்தரச் சுகம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகவே கிழமைக்கு இரண்டு நாள் வந்தார். நாலு காலில் நின்று எதிர்க் கையையும் காலையும் நீட்டும் பயிற்சி, பாலம் மாதிரி இடுப்பைத் தூக்கும் பயிற்சி. பிறகு மண்வெட்டியே பயிற்சிக் கருவி ஆனது. பாரத்தை எடுத்த பிறகு இடுப்பைத் திருப்பாமல் காலைத் திருப்பு என்பதைப் பழக்க மூன்று கிழமை பிடித்தது. நாற்பது வருடப் பழக்கம் அது. பிடி நீளமான மண்வெட்டி ஒன்றும் வாங்கினார். தையில் வெங்காயம் நட்டபோது கூலிக்கு ஆள் பிடித்தார், தண்ணீர் மட்டும் தானே கட்டினார்.

2024 சித்திரையில் ஒருநாள் காலையில் தொலைபேசி.

"பிள்ளை, பழைய உளைவு தொடங்கீட்டுது. வலப்பக்கம், அதே நாலு விரல் இடம். மின்னல் இல்லை, மரத்துப்போகேல்லை, முழங்காலுக்குக் கீழ போகேல்லை. காலமை எழும்பேக்க இறுக்கம். பத்தில நாலு."

"எப்ப தொடங்கினது ஐயா?"

"பங்குனிக் கடைசி. வெங்காயம் கிண்டின கிழமை."

சொன்னதை அப்படியே அவருடைய நோயாளர் கோவையில் எழுதினேன். பதினொரு மாதம். நோ திரும்பினால் அதே இடத்தைத் திரும்பச் சுடலாம், முதல் தடவை நன்றாகக் கேட்டவர்களுக்கு இரண்டாம் தடவையும் பெரும்பாலும் கேட்கிறது. ஆனால் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி இந்தச் சிகிச்சைக்கு வைத்த எல்லை 10க்கு 5 அல்லது அதற்கு மேல். இவர் 4இல் நிற்கிறார், தோட்டத்தில் வேலையும் நடக்கிறது. பயிற்சியைக் கிழமைக்கு மூன்று நாளாக்கி, ஒரு மாதம் பார்ப்போம் என்று சொன்னேன். நிபுணருக்கும் அறிவித்தேன், அவரும் அதையே சொன்னார்.

"அப்ப கொழும்புக்கு இப்ப வேண்டாமோ?"

"இப்ப வேண்டாம் ஐயா."

"சரி. ஆறு வந்தால் சொல்லுறன்."